மூளையை ஏமாற்றும் மாத்திரை

மில்லர்புரத்திலிருந்து வாசகி ஒருவர் எழுதியிருக்கின்றார். மணமாகி நான்காண்டுகள். மாதவிலக்கு நாற்பத்தைந்து நாட்களுக்கு ஒருமுறையும் அறுபது நாட்களுக்கு ஒருமுறையுமாக வருகின்றது. சினைப்பையில் நீர்க்கட்டி என்று கூறி, மருத்துவர் ஐந்து நாட்களுக்கு லெட்ரோசோல் என்னும் மாத்திரையை எழுதித் தந்தாராம். பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்துப் பார்த்தால், மாதவிலக்கு நின்றுபோன பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்கான மருந்து என்றிருக்கின்றது. மாமியார் அதைக் கேட்டு அழுதுவிட்டார். "எனக்குப் புற்றுநோய் இருப்பதை மறைக்கின்றார்களா?" என்பது சகோதரியின் கேள்வி.

இல்லை, சகோதரி. தாளில் இருப்பதும் உண்மை. உங்கள் மருத்துவர் எழுதியதும் முறையானதே. இரண்டும் எப்படிப் பொருந்தும் என்பதைச் சற்று விரிவாகவே காண்போம்.

வீட்டு மாடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியை நினைத்துக் கொள்ளுங்கள். உள்ளே ஒரு மிதவைப் பந்து இருக்கும். நீர் குறைந்தால் பந்து இறங்கிக் குழாய் திறக்கும். நீர் ஏறினால் பந்து உயர்ந்து குழாய் அடைபடும். நம் இரத்தத்திலுள்ள ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்புநீரை அந்த நீராகக் கொள்ளலாம். மூளையின் அடிப்பகுதி மிதவைப் பந்தைப் போல அதன் அளவைக் கவனித்துக் கொண்டிருக்கின்றது. அளவு குறைந்தால், பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச். என்னும் சுரப்பைக் கூட்டி அனுப்பும். அது சினைப்பையை அடைந்து முட்டைப்பைகளை வளர்க்கும். வளரும் முட்டைப்பை ஈஸ்ட்ரோஜனைச் சுரக்க, எஃப்.எஸ்.எச். தானே குறையும். மாதந்தோறும் பல முட்டைப்பைகள் வளரத் தொடங்கினாலும் முதிர்வது பெரும்பாலும் ஒன்றுதான். ஒரு முத்துக்காக எத்தனை சிப்பிகளைத் திறந்தார்கள் என்பதை அறிந்த ஊர்க்காரர்களுக்கு இது வியப்பாயிராது.

'நீர்க்கட்டி' என்று நாம் அஞ்சுபவற்றுள் பல, உண்மையில் கட்டிகளே அல்ல. வளரத் தொடங்கி, முதிராமல் பாதியில் நின்ற முட்டைப்பைகளே அவை. அவற்றுள் ஒன்றை முதிரச் செய்வதே மாத்திரையின் வேலை.

இவ்வகையில் மூத்தது க்ளோமிஃபீன். 1950களில் அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட இம்மருந்து, எலிகளில் கருத்தரிப்பைத் தடுப்பதாகவே முதலில் தோன்றியது. பெண்களிடமோ முட்டை வெளிவரச் செய்தது என 1961ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் அறிவித்தனர். இது மூளையில் ஈஸ்ட்ரோஜன் அமரும் இடத்தைத் தான் பிடித்துக் கொள்கின்றது. தொட்டியில் நீர் இருக்கும்போதே பந்தைக் கையால் அழுத்திப் பிடிப்பது போன்றதுதான். நீர் இல்லை என்று ஏமாந்த மூளை எஃப்.எஸ்.எச்.சைக் கூட்டுகின்றது. ஆனால் இம்மருந்து உடலில் பல நாட்கள் தங்கிவிடும். சிலருக்குக் கருப்பையின் உட்படலம் மெலிந்துவிடுவதும் உண்டு.

லெட்ரோசோலின் வழி வேறு. அது ஈஸ்ட்ரோஜன் உண்டாவதையே சில நாட்களுக்குக் குறைக்கின்றது; தொட்டியின் நீரே இறங்கிவிடுகின்றது. ஈஸ்ட்ரோஜனால் வளரும் மார்பகப் புற்றுக்கும் இது மருந்தாவது இக்காரணத்தால்தான். புற்றுநோயாளர் நாள்தோறும் ஆண்டுக்கணக்கில் உண்பதை, நீங்கள் ஐந்து நாட்கள் மட்டும் உண்கின்றீர்கள். முட்டை வெளியாகும் வேளையில் மருந்தின் பெரும்பகுதி உடலைவிட்டு நீங்கியிருக்கும்.

இம்மருந்தைக் குறித்து நம் நாட்டில் ஒரு குழப்பம் நிலவியதும் உண்மையே. குழந்தைக்கு ஊனம் வரலாம் என்று 2005ஆம் ஆண்டு ஒரு மாநாட்டில் எழுப்பப்பட்ட ஐயம் உலகெங்கும் பரவியது. அடுத்த ஆண்டே கனடாவில் 911 குழந்தைகளை ஆராய்ந்தவர்கள், க்ளோமிஃபீனைவிட லெட்ரோசோலில் குறைபாடு மிகவில்லை என்று கண்டனர். ஆயினும் 2011 அக்டோபரில் மத்திய அரசு, குழந்தைப்பேற்றுக்காக இதனைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. 2014இல் அமெரிக்காவில் நீர்க்கட்டிச் சிக்கலுள்ள 750 பெண்களிடம் இரு மருந்துகளையும் ஒப்பிட்டபோது, லெட்ரோசோல் உண்டவர்களில் 27.5 விழுக்காட்டினரும் க்ளோமிஃபீன் உண்டவர்களில் 19.1 விழுக்காட்டினரும் உயிருள்ள குழந்தையைப் பெற்றனர். 2017இல் இந்தியத் தடையும் நீக்கப்பட்டது. எனவே பழைய செய்தியைக் கேட்டு உங்களை அச்சுறுத்தும் உறவினர்களுக்கு இந்த ஆண்டைச் சொல்லுங்கள்.

அந்த எண்களில் இன்னொன்றும் உண்டு. சிறந்த மருந்திலும் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் அந்த ஆய்வில் குழந்தை பெறவில்லை. மாத்திரை முட்டையை வெளிக்கொணரும். அதற்குமேல் அதனால் ஒன்றும் செய்ய இயலாது. கருக்குழாய் அடைபட்டிருந்தாலோ, கணவரின் விந்தில் உயிரணுக்கள் இல்லாதிருந்தாலோ, எத்தனை அட்டைகள் விழுங்கினாலும் பயனில்லை.

உங்கள் நீண்ட கடிதத்தில் கணவரைச் சோதித்ததாக ஒரு வரியும் இல்லை. இதைத்தான் நாம் வருத்தத்துடன் குறிப்பிட வேண்டியிருக்கின்றது. குழந்தை தாமதமாகும் இல்லங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் ஆணிடமும் காரணம் இருக்கின்றது. பெண்ணுக்கு ஊசி, மாத்திரை, ஸ்கேன் என்று ஆண்டுகள் கழிய, ஆணின் எளிய விந்துச் சோதனை மட்டும் கௌரவக் குறைவாகிவிடுகின்றது. இரண்டு முதல் ஏழு நாட்கள் இல்லற உறவைத் தவிர்த்து, ஒரு காலை வேளையில் முடித்துவிடக்கூடிய சோதனை அது. மாத்திரையைத் தொடங்குமுன் அதை முடித்துவிடும்படி உங்கள் மாமியாரே மகனிடம் சொல்வது நல்லது. அவர் அழவேண்டியது அந்தத் தாளுக்காக அன்று.

மருந்துக்கடையில் பழைய சீட்டைக் காட்டி மறுபடி மறுபடி வாங்குவதையும் விட்டுவிட வேண்டும். முட்டைப்பை வளர்கின்றதா என்று ஸ்கேனில் பார்த்தே அடுத்த மாத அளவை முடிவு செய்வார்கள். சில மாதங்களில் பலனில்லையெனில் அடுத்த வழியை யோசிப்பார்கள். பெண் மருத்துவரே ஸ்கேன் செய்ய வேண்டுமென்று கேட்பதில் தயங்க வேண்டியதில்லை. இரட்டைக் குழந்தைகள் பிறக்கும் வாய்ப்பு சற்றுக் கூடும். தலைவலியும் உடல் சூடும் வந்து போகும். கண்பார்வை மங்கினாலோ, வயிறு உப்பிக் கடுமையாக வலித்தாலோ மாத்திரையை நிறுத்தி அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். கரு உண்டாகியிருக்கக் கூடும் என்னும் ஐயம் இருக்கும்போது மாத்திரையைத் தொடங்கலாகாது.

ரமளானில் இம்மாத்திரையை உண்ணலாமா என்றும் கேட்டிருக்கின்றீர்கள். நாளைக்கு ஒருவேளை மருந்துதான் என்பதால் நோன்பு திறந்த பின்னரோ ஸஹர் வேளையிலோ உட்கொள்ளலாம். ஐந்து நாட்களும் ஒரே வேளையைக் கடைப்பிடித்தால் போதும்.