நெய்வேலிப் பையனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்வது ஏன்?

வீட்டு வாசலில் சுரங்கம். கொல்லைப்புறத்தில் மின்சார நிலையம். ஆனால், அங்கே என்ஜினீயர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது, அந்த ஊர்ப் பையனைக் காணோம்!

2022-ம் ஆண்டில் இந்தக் கூக்குரல் எழுந்தது.

நெய்வேலி நிறுவனம் 299 பட்டதாரி என்ஜினீயர்களைப் பயிற்சிக்கு எடுக்க ஏற்பாடு செய்தது. "கேட்" என்ற அகில இந்தியப் பரீட்சை ஒன்று இருக்கிறது. அதில் வாங்கிய மார்க்கை வைத்துப் பேட்டிக்கு அழைத்தார்கள். அழைக்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுக்காரர்கள் விரல்விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தார்கள்.

"நிலம் கொடுத்தது நாங்கள். உத்தியோகம் யாருக்கோ?" என்று ஜனங்கள் கேட்டார்கள். முதல்-மந்திரி மு.க.ஸ்டாலின், பிரதமர் மோடிக்குக் கடிதம் எழுதினார். கட்சிகள் எல்லாம் கண்டித்தன.

கேள்வி நியாயமானது. ஊரை விட்டு எழுந்து போனவன் கேட்காமல் வேறு யார் கேட்பது?

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அதையும் பார்க்க வேண்டும்.

"கேட்" பரீட்சை இங்கிலீஷில் நடக்கிறது. அதைத் தாண்டினால் பேட்டி. மேஜைக்கு அந்தப் பக்கம் 4 பேர், 5 பேர் உட்கார்ந்து இருப்பார்கள். "நீ கல்லூரியில் என்ன செய்தாய்? விளக்கிச் சொல்" என்பார்கள். கம்பெனி வேலையில் சேர்ந்த பிறகும் இதே கதைதான். திரையில் படம் போட்டு, 20 பேர் நடுவே நின்று பேச வேண்டும். "பிரசன்டேஷன்" என்கிறார்களே, அது!

அங்கேதான் நம் பையனுக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்கிறது.

விஷயம் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவன் சுரங்கத்து மண்ணில் விளையாடியவன். அப்பாவின் ஷிப்டு நேரத்தை வைத்தே கடிகாரம் பார்த்தவன். ஆனால், "குட் மார்னிங்" சொன்ன பிறகு அடுத்த வார்த்தை வருவது இல்லை.

ருஷ்யருக்கும் தெரியாது!

கொஞ்சம் பழைய கதையைப் பார்ப்போம்.

ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. 1930-களில் நடந்தது இது. அதுதான் பழுப்பு நிலக்கரி என்று பிறகு தெரிந்தது. 1956-ல் கம்பெனி உண்டாயிற்று. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961-ல் கரி கண்ணில் பட்டது. 1962-ல் மின்சாரம் பிறந்தது.

மண்ணை வெட்டிய ராட்சத எந்திரங்கள் ஜெர்மனியில் இருந்து வந்தவை. முதல் மின்சார நிலையம் ருஷ்யர் உதவியால் கட்டப்பட்டது.

ஜெர்மானியருக்கு இங்கிலீஷ் தாய்மொழியா? இல்லை. ருஷ்யருக்கு? இல்லை. நமக்கு? நமக்கும் இல்லை!

மூன்று நாட்டார் வேலை செய்தார்கள். எவருக்கும் அந்த மொழி சொந்தம் இல்லை. இருந்தாலும் விளக்கு எரிந்தது. அந்த மின்சார நிலையம் 2020 வரை உழைத்துவிட்டு ஓய்வு பெற்றது.

இலக்கணப் பிழை இருந்தால் கொதிகலன் கொதிக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. சொல்ல வந்தது எதிரில் நிற்பவனுக்குப் புரிந்தால், வேலை நடந்துவிடும்.

இந்த உண்மையை நம் பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளுக்குச் சொல்வது இல்லை. "தப்பு, தப்பு" என்று சிவப்பு மையால் அடித்தே பழக்கிவிட்டோம். தப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் பையன் வாயையே மூடிக்கொள்கிறான்.

முதலில் அம்மாவிடம்

சரி, என்ன செய்யலாம்?

நாளைக்குப் பேட்டி. நெய்வேலிச் சுரங்கத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பையன் என்ன செய்கிறான்? பெரிய புத்தகத்தில் இருந்து நான்கு பக்கத்தை மனப்பாடம் செய்கிறான். "ஹைட்ரோ ஜியாலஜிக்கல் கண்டிஷன்ஸ்" என்று தொடங்குகிறான். நடுவில் ஒரு வார்த்தை மறந்து போகிறது. அவ்வளவுதான், வண்டி தடம் புரண்டுவிட்டது!

அவன் முதலில் போக வேண்டிய இடம் அடுப்படி. அங்கே அம்மா இருக்கிறார்.

"அம்மா, கரிக்கு அடியிலே தண்ணி அழுத்தமா நிக்குது. அப்படியே தோண்டினா, தரையைப் பிளந்துக்கிட்டு பீறிட்டு வரும். அதனாலே ராப்பகலா அந்தத் தண்ணியை இறைச்சுக்கிட்டே இருக்காங்க. அப்புறம்தான் கரி வெட்ட முடியும்."

நெய்வேலிச் சுரங்கத்தின் பெரிய சங்கதியே இதுதான். மேலே மலைபோல் மண். அதை அகற்றினால் கரி. கரிக்குக் கீழே முட்டிக்கொண்டு நிற்கும் தண்ணீர். ஆரம்ப நாளில் பெரிய பெரிய என்ஜினீயர்களையே மலைக்க வைத்த தண்ணீர் அது.

அம்மா கேட்பார்: "இறைச்ச தண்ணி எங்கேடா போவுது?"

"மின்சார நிலையத்துக்குப் போவுது. வயலுக்கும் விடறாங்க."

"அப்போ நம்ம பக்கத்து ஊர்க் கிணறெல்லாம் ஏன்டா கீழே இறங்கிப் போச்சு?"

பார்த்தீர்களா! பள்ளிக்கூடத்தையே பார்க்காத அம்மா கேட்ட கேள்வி இது. பேட்டி அறையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரும் இதைத்தான் கேட்பார். சுற்றியுள்ள விவசாயிகள் பல ஆண்டுகளாகக் கேட்டு வரும் கேள்வியும் இதுதான். அதற்குப் பதில் தேடிக்கொண்டு போகிற பையனை யாரும் மடக்க முடியாது.

அம்மாவுக்குப் புரிந்த பிறகு, அதையே சின்னச் சின்ன இங்கிலீஷ் வாக்கியமாக மாற்ற வேண்டும். "வாட்டர் இஸ் பிலோ த லிக்னைட். இட் புஷ்ஷஸ் அப். ஸோ வீ பம்ப் இட் அவுட். தென் வீ டிக்." ஐந்தாம் வகுப்பு இங்கிலீஷ்தான். ஆனால், டெல்லிக்காரனுக்கும் புரியும், ஜெர்மன்காரனுக்கும் புரியும்.

ஒரு வாக்கியத்தில் ஒரு சங்கதி. சொன்ன பிறகு ஒரு மூச்சு நிறுத்தம். இது போதும்.

திரையில் போடும் படத்தில் எழுத்தைக் கொட்டிவிட்டு, சபைக்கு முதுகைக் காட்டி அதையே படிக்கிறவர்கள் உண்டு. பெரிய அதிகாரிகளிலேயே உண்டு! படிக்கத் தெரிந்தவனுக்குப் படித்துக் காட்டுவானேன்? ஒரு படம் போடுங்கள். மண், கரி, தண்ணீர் என்று மூன்று கோடு. பிறகு ஜனங்களைப் பார்த்துப் பேசுங்கள்.

விழுப்புரத்துக்காரர்

"எங்கள் தமிழ் வாடை இங்கிலீஷைக் கேட்டுச் சிரிப்பார்களே" என்று சிலர் கூசுகிறார்கள்.

ராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், 2007-ல் ஐரோப்பிய பாராளுமன்றத்தில் இங்கிலீஷில் பேசினார். உச்சரிப்பு முழுக்க நம் ஊர் உச்சரிப்புதான். பல நாட்டுப் பிரதிநிதிகளும் உட்கார்ந்து கேட்டார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நெய்வேலியும் விழுப்புரமும் 1993 வரை ஒரே தென் ஆற்காடு ஜில்லா. அந்த விழுப்புரத்தில் ரெயில்வே ஊழியர் ஒருவரின் மகன் ரெயில்வே பள்ளியில் படித்தார். பிறகு பாலிடெக்னிக் போனார். அவர்தான் வீரமுத்துவேல்!

2023 ஆகஸ்டு 23-ந் தேதி சந்திரயான்-3 சந்திரனில் இறங்கியது. அந்தத் திட்டத்தின் இயக்குனர் அவரே. நாடே டெலிவிஷன் முன் உட்கார்ந்திருந்தது. அவர் ஒலிபெருக்கி முன் வந்து இங்கிலீஷில் சில வாக்கியங்கள் பேசினார். மகிழ்ச்சியைச் சொன்னார். குறித்த நேரப்படி எல்லாம் பிசகாமல் நடந்ததைச் சொன்னார். கூட உழைத்தவர்களைச் சொன்னார். உட்கார்ந்துவிட்டார். அலங்காரம் ஒன்றும் இல்லை. சொல்ல விஷயம் இருந்தது, அதைச் சொன்னார்.

அரசாங்கம் என்ன செய்யலாம்?

எல்லாப் பாரத்தையும் பையன் தலையில் சுமத்துவது சரி அல்ல.

கலெக்டர் வேலைக்கான மெயின் பரீட்சையையே தமிழில் எழுதலாம். பேட்டியிலும் தமிழில் பதில் சொல்லலாம், மொழிபெயர்க்க ஆள் போடுகிறார்கள். ஜில்லாவையே ஆளப் போகிறவருக்குத் தமிழ் போதும் என்றால், பம்பு செட்டைப் பார்த்துக்கொள்ளும் என்ஜினீயருக்கு ஏன் போதாது? அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010 முதல் தமிழிலேயே என்ஜினீயரிங் படிக்க இடம் இருக்கிறது. அப்படிப் படித்தவர்களுக்குப் பேட்டியிலும் கதவு திறக்க வேண்டாமா?

2022 மார்ச்சில் தொடங்கிய "நான் முதல்வன்" திட்டத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பேசவும் பேட்டிக்குப் போகவும் பயிற்சி தருகிறார்கள். நல்ல காரியம். ஆனால், கல்லூரியில் சேர்ந்த பிறகு பேசக் கற்பது கல்யாணத்தன்று சமையல் கற்பது போல. எட்டாம் வகுப்பிலேயே வாரம் ஒரு பிள்ளையை எழுப்பிவிட்டு, ஐந்து நிமிஷம் ஏதாவது ஒன்றை விளக்கச் சொல்லலாம். தமிழில் ஒரு வாரம், இங்கிலீஷில் ஒரு வாரம். இதற்கு ஒரு காசு செலவு இல்லை.

கடைசியாக ஒரு சங்கதி. பேசி முடித்த பிறகுதான் பலர் தடுமாறுகிறார்கள். கேள்வி புரியாமலே தலையாட்டிவிட்டு, எதையோ உளறுகிறார்கள். "ப்ளீஸ் ரிப்பீட் த கொஸ்டின், சார்" என்று கேட்பதில் அவமானம் இல்லை. கேள்வி புரிந்தும் பதில் தெரியவில்லையா? "ஐ டோன்ட் நோ, சார். ஐ வில் ஃபைண்ட் அவுட்" என்று நிமிர்ந்து நின்று சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குக் காத்திருக்கலாம்.