பத்துத் தோல்விக்குப் பிறகும் கோச்சை மாத்தாத டீம்

போன மாசம் பையனோட தமிழ் வகுப்பை மாத்தலாமான்னு வீட்டில் பேச்சை எடுத்தேன். மூணு மாசமாகியும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறுகிறான். ஏற்கனவே ரெண்டு வகுப்பு மாத்தியாச்சு. மனைவி சிரிக்காமல் கேட்டாள்: "லயன்ஸுக்கு முப்பது வருஷம் காத்திருந்தீங்க. இவனுக்கு மூணு மாசம்தானா?"

அப்பா கார் கம்பெனி வேலைக்காக டெட்ராய்ட் வந்தவர். அதனால நான் பிறவியிலேயே லயன்ஸ் ரசிகன். அமெரிக்கக் கால்பந்தில் இவர்கள் கடைசியா சாம்பியன் ஆனது 1957-ல். அதுக்கப்புறம் 2023 சீசன் வரை பிளேஆஃபில் ஜெயிச்சது ஒரே ஆட்டம்: 1992 ஜனவரியில். எனக்கு அப்போ மூணு வயசு. 2008 சீசனில் 16 ஆட்டம், 16 தோல்வி.

2021-ல் டான் கேம்ப்பெல் கோச்சாக வந்தார். நட்சத்திர குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்டாஃபோர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் கொடுத்துவிட்டு, ஜாரெட் காஃபையும் வரும் வருஷங்களுக்கான டிராஃப்ட் வாய்ப்புகளையும் வாங்கினார்கள். அந்த சீசனிலேயே ஸ்டாஃபோர்ட் அங்கே சூப்பர் பவுல் ஜெயிச்சார். இங்கே முதல் 11 ஆட்டத்தில் பத்துத் தோல்வி, ஒரு டிரா. அடுத்த வருஷமும் முதல் ஏழில் ஒண்ணுதான் வெற்றி. நானா இருந்தா கோச்சை மாத்தியிருப்பேன். ஓனர் ஷீலா ஃபோர்டு ஹாம்ப் மாத்தவில்லை. அந்த சீசன் 9-8 என்று முடிந்தது. 2024 ஜனவரியில், ஸ்டாஃபோர்ட் ஆடிய ராம்ஸையே 24-23 என்று ஜெயிச்சபோது, அப்பாவும் நானும் சோஃபாவில் கட்டிப்பிடிச்சுக்கிட்டோம்.

ஆனா பொறுமையா இருந்தாலே போதும்னு சொல்ல வரலை. இதே டீம் 2001-லிருந்து 2008 வரை மேட் மில்லனை நிர்வாகப் பொறுப்பில் வைத்திருந்தது. அதுவும் பொறுமைதான். பலன் அந்த 16 தோல்வி. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? 2021-ல் தோற்றாலும் ஸ்கோருக்கு அடியில் ஏதோ வளர்ந்துகொண்டிருந்தது. பால்டிமோரிடம் 66 கெஜ உதையில், ஆட்டத்தின் கடைசி நொடியில்தான் தோற்றார்கள். அந்த வருஷம் எடுத்த பெனே சூவல், அமான்-ரா செயின்ட் பிரவுன் ரெண்டு பேரும் பின்னாடி டீமுக்குத் தூணானார்கள்.

அதனால இப்போ பையனோட மார்க்கை விட்டுட்டு அடியில் என்ன நடக்குதுன்னு பார்த்தேன். போன ஞாயிறு போனில் பாட்டியிடம், யாரும் சொல்லிக்கொடுக்காமலே, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்றான். முன்பெல்லாம் "ஹாய் பாட்டி"யோடு ஓடிவிடுவான்.

சூப்பர் பவுலை லயன்ஸ் இன்னும் ஜெயிக்கலை. பையனும் "ழ"வை இன்னும் "ல" என்றுதான் சொல்கிறான். ஆனா இந்த வருஷம் முடியும்வரை வகுப்பை மாத்தறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்கோம். மாசம் ஒருமுறை டீச்சரிடம் உட்கார்ந்து பேசுவேன், மார்க்கைப் பற்றி இல்லை.