பதிண்டா: மூடப்பட்ட மின் நிலையமும் முதலாளிகளுக்குத் திறக்கப்பட்ட கஜானாவும்

பஞ்சாப் மாநிலம் பதிண்டாவில் இருந்த குரு நானக் தேவ் அனல்மின் நிலையம் 2018 ஜனவரி 1 அன்று நிரந்தரமாக மூடப்பட்டது. நிலையம் பழமையடைந்துவிட்டது, அதன் மின்சாரம் விலை மிகுந்தது என்று அன்றைய காங்கிரஸ் அரசு காரணம் கூறியது. ஆனால், முதுமையால் அந்த நிலையம் மடியவில்லை. தனியார் மின் நிறுவனங்களின் லாபத்திற்கு வழிவிடவே அது பலியிடப்பட்டது.

குரு நானக்கின் 500ஆவது பிறந்த ஆண்டான 1969இல் இந்நிலையத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. மணற்குன்றுகள் நிறைந்த தென்மேற்குப் பஞ்சாபில், பொது நோக்கத்திற்காக விவசாயிகளிடமிருந்து பெற்ற நிலத்தில் அது எழுந்தது. 1974க்கும் 1979க்கும் இடையே தலா 110 மெகாவாட் திறனுள்ள நான்கு அலகுகள் இயங்கத் தொடங்கின. கிணற்று மோட்டார்களும் சிறு தொழில்களும் பெருகிய காலத்தில், அவற்றுக்கு மின்சாரம் தந்தது இந்தப் பொதுத்துறை நிலையமே. அதன் குளிர்விப்புக் கோபுரங்கள் நகரின் அடையாளமாயின.

பழமை என்ற வாதத்தை முதலில் பார்ப்போம். மூடப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்புதான், மக்கள் பணம் 700 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு நான்கு அலகுகளும் புதுப்பிக்கப்பட்டன. மொத்தத் திறன் 460 மெகாவாட்டாக உயர்ந்தது. ஆயுளை நீட்டிக்கக் கோடிகளைக் கொட்டிய அரசே அதன் ஆயுள் முடிந்துவிட்டதென அறிவித்தது!

உண்மைக் காரணம் வேறு. அகாலி தளம் - பாஜக ஆட்சியில் மூன்று தனியார் அனல்மின் நிலையங்கள் எழுந்தன: தல்வண்டி சாபோவில் வேதாந்தாவின் 1,980 மெகாவாட், ராஜ்புராவில் எல் அண்ட் டி-யின் 1,400 மெகாவாட், கோயிந்த்வால் சாகிப்பில் ஜிவிகே-யின் 540 மெகாவாட். மின்சாரத்தை வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிலைக்கட்டணம் செலுத்த வேண்டும் என்பது இவற்றுடனான நீண்டகால ஒப்பந்தங்களின் சாரம். விளைவாக, அரசின் சொந்த அலகுகள் பல மாதங்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. பின்னர், அவை குறைவாகவே இயங்குகின்றன என்பதே அவற்றை மூடக் காரணமாக்கப்பட்டது. கையைக் கட்டிப்போட்டுவிட்டு, உழைக்கவில்லை என்று குற்றம் சாட்டும் நியாயம் இது.

இந்த ஒப்பந்தங்களை மறுபரிசீலனை செய்வோம் என்று வாக்குறுதி அளித்தே 2017இல் காங்கிரஸ் ஆட்சிக்கு வந்தது. வந்த ஆண்டிலேயே, ஒப்பந்தங்களைத் தொடாமல் பதிண்டா நிலையத்தையும் ரோப்பர் நிலையத்தின் இரு அலகுகளையும் மூட அமைச்சரவை முடிவெடுத்தது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் குடும்பத்துடன் வீதியில் அமர்ந்து போராடினர். 2020இல் நிலையத்தின் 1,764 ஏக்கர் நிலம் நகர்ப்புற வளர்ச்சித் துறைக்கு மாற்ற முடிவாயிற்று.

சுற்றுச்சூழலைக் காக்கவே மூடினோம் என்பாரும் உண்டு. பதிண்டா மக்கள் நிலக்கரிச் சாம்பலைச் சுவாசித்தது உண்மை. ஆனால், அதே நிலக்கரியை எரிக்கும் 3,920 மெகாவாட் தனியார் திறனை இயங்கவிட்டு, 460 மெகாவாட் பொதுத் திறனை மட்டும் அணைப்பது எவ்வகைச் சூழல் நேசம்? வயலில் எரிக்கப்படும் நெல் வைக்கோலைக் கொண்டு ஓர் அலகை இயக்கும் யோசனை முன்வைக்கப்பட்டது. அதுவும் கைவிடப்பட்டது.

2021 ஜூலையில், நெல் நடவுக் காலத்தில், தல்வண்டி சாபோவின் அலகுகள் பழுதாகி நின்றன. மாநிலம் இருளில் தவித்தது; தொழிற்சாலைகளுக்கு மின்வெட்டு விதிக்கப்பட்டது. அப்போது கைகொடுக்கப் பதிண்டா இல்லை.

2024 ஜனவரி 1 அன்று, பதிண்டா மூடப்பட்ட அதே நாளில் ஆறு ஆண்டுகள் கழித்து, கடனில் மூழ்கிய கோயிந்த்வால் நிலையத்தை 1,080 கோடி ரூபாய்க்கு வாங்கியதாக ஆம் ஆத்மி அரசு அறிவித்தது. பொதுத்துறையால் மின் நிலையம் நடத்த இயலாது என்ற பிரச்சாரத்திற்கு இதைவிடச் சரியான மறுப்பு வேண்டுமா? லாபம் தனியாருக்கு, நட்டம் மக்களுக்கு என்பதே இக்கொள்கையின் இலக்கணம்.

அகாலி தளம், பாஜக, காங்கிரஸ் ஆகிய கட்சிகளை இவ்விஷயத்தில் பிரிக்கும் கோடு மிக மெல்லியது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் திறந்த கதவை, மின்சாரத் திருத்த மசோதா மேலும் அகலமாக்க முனைகிறது. தில்லி எல்லைகளில் போராடிய விவசாயிகள் வேளாண் சட்டங்களுடன் இம்மசோதாவையும் எதிர்த்தது தற்செயலன்று. அவர்களுக்கு 2021 டிசம்பரில் அளித்த உறுதியை மீறி, 2022இல் மோடி அரசு அதை மக்களவையில் கொண்டுவந்தது.

தனியார் மின்கொள்முதல் ஒப்பந்தங்கள் மறுபரிசீலனை செய்யப்பட வேண்டும். மூடப்படும் நிலையங்களின் நிலம் பொதுத்துறை மின் உற்பத்திக்கே பயன்பட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர்களின் வேலை பாதுகாக்கப்பட வேண்டும். மின் ஊழியர்களும் விவசாயிகளும் தோளோடு தோள் நின்றால் மட்டுமே இக்கோரிக்கைகளை வென்றெடுக்க முடியும். அந்த ஒற்றுமையைக் கட்டுவது நமது கடமை.