தைலம் தேய்க்கும் முன் ஒரு கேள்வி

கால் வீங்கி வலித்தால் தைலம் தேய்த்து நீவிவிடுவதும், மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்குவதும் கிணத்துக்கடவு வட்டாரத்தில் நெடுநாள் வழக்கம். இவ்விரண்டுக்கும் முன்னர் ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும் என்பதே எங்கள் கருத்து: வீங்கியிருப்பது ஒரு காலா, இரு கால்களுமா?

ஒரு கால் மட்டும் ஓரிரு நாள்களில் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால், ஆழத்திலுள்ள சிரையில் இரத்தம் உறைந்திருக்கக்கூடும். அறுவை சிகிச்சை செய்துகொண்டோர், எலும்பு முறிந்து மாவுக்கட்டுடன் படுத்திருப்போர், கருவுற்றோர், அண்மையில் குழந்தை பெற்றோர், புற்றுநோயாளிகள் ஆகியோருக்கு இந்த ஆபத்து மிகுதி. அக்காலை அழுத்தி நீவினால் இரத்தக்கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைக்கலாம், உயிரும் போகலாம். டாப்ளர் ஸ்கேன் இதனை வலியின்றிக் காட்டிவிடும். உரிய நேரத்தில் வந்தால் பெரும்பாலும் மருந்தாலேயே கட்டுப்படுத்தலாம்.

ஒரு காலில் சிவப்பும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அது தோலடியில் பரவும் கிருமித்தொற்றாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளுக்கு விரலிடுக்கில் உள்ள சிறு வெடிப்பே அதற்கு வாயிலாகிவிடும்.

இரு கால்களும் வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். இரத்தக் கொதிப்புக்குத் தரப்படும் அம்லோடிபின் மாத்திரையும் சிலருக்கு வீக்கம் தரும். அதனைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கூறுக. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளோ உடலில் உப்பையும் நீரையும் தேக்கி, வீக்கத்தைக் கூட்டி, சிறுநீரகத்தையும் வருத்தும். தக்காளிச் சந்தையில் நாள் முழுதும் நிற்போருக்கு மாலையில் வீங்கிக் காலையில் வடிவது நரம்புச் சுருட்டலின் அறிகுறியாக இருக்கலாம்.

ஒரு நாள் கூலி போகுமே என்ற தயக்கத்தை நாங்கள் அறிவோம். பிழை வீட்டாருடையது மட்டுமன்று. நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது, 'ஒரு கால் வீங்கினால் தேய்க்காதீர்கள், உடனே வாருங்கள்' என்று சொல்லத் தவறும் மருத்துவர்களாகிய எங்களுக்கும் அதில் பங்குண்டு. நாங்கள் மறந்தால் நீங்கள் கேளுங்கள்.

கால் வீக்கத்துடன் திடீர் மூச்சுத்திணறலோ, நெஞ்சுவலியோ, இருமலில் இரத்தமோ கண்டால் விடியும்வரை காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.