திறந்து கிடக்கும் படலை

வீட்டுக்கு வரும் விருந்தினர் கால் கழுவித் திண்ணையில் அமர்ந்து, ஒரு செம்பு தண்ணீர் பருகிய பின்னரே பேச்சைத் தொடங்குதல் எம்மவர் வழக்கமாயிருந்தது. இக்காலத்திலோ செம்பு வருமுன்னரே, "வைஃபையின் கடவுச்சொல் யாது?" என்னும் வினா வந்துவிடுகின்றது. கேட்டவுடன் சொல்லாதவரை உலோபி எனக் கருதுவாரும் உளர். அக்கருத்துப் பிழை என்பதே என் துணிபு. இலக்கணம் கற்பிப்பவனுக்கு இவ்விடயத்தில் என்ன அருகதை எனப் பழைய மாணவர் சிலர் நகைக்கக்கூடும். பட்டவன் என்னும் அருகதை எனக்கு உண்டு.

கோப்பாயிலுள்ள எமது வீட்டிலே இணைய இணைப்புப் பெற்றபோது, றவுட்டரைப் பொருத்த வந்தவர் அதன் அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லைக் காட்டிவிட்டுச் சென்றார். கேட்டோர்க்கெல்லாம் அதனைக் கொடுத்தோம். மாதத்துக்கென வாங்கிய டேற்றா பாதி மாதத்திலேயே முடியத் தொடங்கிற்று. யான் கொம்பனியாரைக் குறைகூறிக்கொண்டிருந்தேன். ஒருநாள் என்னிடம் கற்ற மாணவன் ஒருவன் றவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து காட்டினான். எமது வீட்டிலுள்ள கருவிகள் 3. அங்கே இணைந்திருந்தவை 11. அப்பக்கத்தினுள் நுழைய அவன் இட்ட சொல்லோ, தொழிற்சாலையார் அவ்வகைக் கருவிகள் அனைத்துக்கும் பொதுவாக இட்டனுப்பிய சொல். எமது படலையின் திறப்பு ஊருக்கே பொதுவாயிருந்தமையை அன்றுதான் அறிந்தேன்.

யான் இழந்தது சிறு தொகையே. இதனினும் பெருந்துன்பம் நேர்ந்த இடங்கள் உள. 2008ஆம் ஆண்டு யூலை 26ஆம் நாள் இந்தியாவின் அகமதாபாத் நகரிலே குண்டுகள் வெடித்தன. அதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னர்ச் செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அது புறப்பட்ட இடத்தைத் தேடிய பொலிஸார், நவி மும்பையிலே குடியிருந்த அமெரிக்கர் ஒருவரின் வீட்டை அடைந்தனர். பூட்டின்றிக் கிடந்த அவரது வலையைப் பிறர் பயன்படுத்தியிருந்தனர். அவருடைய கணினிகள் கைப்பற்றப்பட்டன, அவர் விசாரிக்கப்பட்டார், தொடர்பற்றவர் என்பது பின்னரே தெளிவாயிற்று. அடுத்த மாதம் வந்த மற்றொரு மின்னஞ்சல் மாட்டுங்காவிலுள்ள கால்சா கல்லூரியின் வலைவழியே சென்றிருந்தது. கல்லூரி என்னுஞ் சொல்லை வாசகர் கவனிப்பாராக.

எமது நாட்டிலும் 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டப்படி அனுமதியின்றி நுழைதல் குற்றமாகும். எனினும், நுழைந்தவன் யாரெனத் தெரியாதவிடத்து முதலிலே தட்டப்படுங் கதவு, இணைப்புக்குப் பெயர் கொடுத்தவனுடையதே.

பூட்டிலும் உக்கிய பூட்டு உண்டு. 1997இல் வந்த டபிள்யூ.ஈ.பி. என்னும் முறையின் குறையை 2001இல் அறிஞர் வெளிப்படுத்தினர்; 2007இல் அதனை ஒரு நிமிடத்துக்குள்ளேயே உடைத்துக் காட்டினர். இன்று அதனை வைத்திருப்பதும் படலையைத் திறந்து வைப்பதும் ஒன்றே. 2004இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 2, 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 3 ஆகியவற்றுள் கருவி ஏற்பதைத் தெரிதல் வேண்டும். றவுட்டரிலுள்ள டபிள்யூ.பி.எஸ். என்னும் எளிய வழியை அடைத்துவிடுதல் நன்று. அதன் எட்டிலக்க எண் பத்துக்கோடி வகைப்படுமெனத் தோன்றும். ஆயின், கருவி முற்பாதியையும் பிற்பாதியையும் வெவ்வேறாகச் சரிபார்க்கின்றது. ஈற்றிலக்கமோ முன்னவற்றிலிருந்து கணிக்கப்படுவது. ஆதலின், ஏறத்தாழ 11,000 முறை முயன்றாற் போதுமென்பது 2011இல் வெளியாயிற்று.

கடவுச்சொல்லிலே எம்மவர் கல்லூரிப்பற்றைக் காட்டுகின்றனர். கல்லூரியின் பெயரும் அது தொடங்கிய ஆண்டும்! டபிள்யூ.பி.ஏ. 2 முறையிலே, கருவியொன்று வலையில் இணையும் வேளையில் நிகழும் உரையாடலைப் படலைக்கு வெளியே நின்று பதிவுசெய்பவன், தன் வீட்டிலிருந்தே ஆயிரமாயிரஞ் சொற்களை இட்டுச் சோதிக்கலாம். அவன் முதலில் இடுவன பெயர்களும் ஆண்டுகளுமே. குறளின் முதலடியை இடுவோரும் உளர். உலகறிந்த அடி எங்ஙனம் மறைபொருளாகும்? தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்து இடுவதே தக்கது.

"அயலானுக்குக் கிணற்றுநீர் மறுக்கலாமா?" என நண்பரொருவர் வினவினார். மறுக்கவேண்டா. இக்காலக் கருவிகள் பல, விருந்தினர்க்கெனத் தனிவலை அமைக்க இடந்தருகின்றன. அதில் வருபவர் இணையத்தை அடையலாம். எமது கணினிகளை அடையார். யான் சென்ற பாடசாலையொன்றிலே அலுவலக வலையின் கடவுச்சொல் வகுப்பறைக் கரும்பலகையிற் காணப்பட்டது. மாணவரின் புள்ளிகளும் பெற்றோரின் விவரங்களும் இருந்த கணினியும் அதே வலையில்தான் இணைந்திருந்தது. அதனைக் கொடை என்று கூற என் நா எழவில்லை.

யூபிலியை முன்னிட்டுக் கல்லூரிக்குக் கணினிகள் வழங்க விரும்பும் பழைய மாணவர், அலுவலகத்துக்கொரு வலையும் மாணவர்க்கொரு வலையும் பிரித்தமைக்க வல்ல ஒருவரையும் உடன் அனுப்புவாராக. ஆண்டிறுதியில் மாணவர் விலகுந்தோறும் சொல்லை மாற்றும் பொறுப்பை அதிபர் ஆசிரியரொருவரிடம் ஒப்படைப்பாராக. எமது வீட்டில் இப்பொழுது இரண்டு வலைகள் உள. விருந்தினர் வலையின் சொல்லைத் திண்ணைச் சுவரிலேயே எழுதி ஒட்டியுள்ளேன். மாதம் பிறந்ததும் அதனை மாற்றுதல் என் மகளின் வேலை.