ஆண்களுக்கும் ஒரு தொட்டி

பிரிட்டனில் 8 ஆண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் 'புராஸ்டேட்' புற்றுநோய் வருகிறது. மூத்திரப்பையின் கீழே இருக்கும் சிறிய சுரப்பிதான் 'புராஸ்டேட்'. அதை ஆபரேஷன் செய்து எடுத்தபின் பலருக்குச் சில மாதங்கள் சிறுநீர் தானாகக் கசிகிறது. நாப்கின் அணிந்துதான் வேலைக்குப் போக வேண்டும்.

நனைந்த நாப்கினை எங்கே போடுவது?

பெண்கள் கழிப்பறையில் அதற்கு வசதி வேண்டும் என்று, 1992-ம் ஆண்டு வந்த தொழிலிட விதிகளின் வழிகாட்டி சொன்னது. ஆண்களைப் பற்றிச் சொல்லவில்லை. அதனால் பலர் ஈர நாப்கினைப் பையில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுபோனார்கள்.

'ஆண்களுக்கும் தொட்டி வையுங்கள்' என்று 'புராஸ்டேட் கேன்சர் யூ.கே.' என்ற தர்ம ஸ்தாபனம் இயக்கம் நடத்தியது. நியாயம்தானே! நோயை வென்று வேலைக்குத் திரும்பியவர், வெட்கத்துக்குப் பயந்து வீட்டில் முடங்கலாமா?