பகிடிக்காரியும் பதிவுத் திருமணமும்



இம்மாதம் ஒரு நடிகையைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் எமது ஆசிரியர் குழுவில் ஒருவர் முகத்தைச் சுளித்தார். "எங்கட சனத்துக்கு இருக்கிற பிரச்சினைக்குள்ள அமெரிக்க நடிகை ஆரெண்டு தெரிஞ்சு என்ன செய்யப் போகினம்?" என்பது அவரது கேள்வி. நியாயமான கேள்விதான். எழுதித் தருகிறேன், வாசித்துவிட்டுச் சொல்லுங்கள் என்றேன்.

லிலி ரொம்லின் என்பது அந்த நடிகையின் பெயர். 1939ஆம் ஆண்டு டெற்றொயிற் நகரத்தில் பிறந்தவர். தகப்பன் தொழிற்சாலைத் தொழிலாளி. 1969இன் இறுதியில் ஒரு தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் சேர்ந்து, ஏர்னஸ்ரின் என்ற தொலைபேசி இணைப்பாளராக நடித்துப் புகழ் பெற்றார். மூக்கால் ஒரு சிரிப்புச் சிரித்துக்கொண்டு, பெரிய பெரிய ஆட்களையெல்லாம் தொலைபேசியில் பிடித்து வெருட்டும் பாத்திரம் அது. ஈடித் ஆன் என்ற ஐந்தரை வயதுச் சிறுமியாகவும் வருவார். வளர்ந்த பெண் எப்படி ஐந்தரை வயதுப் பிள்ளையாக நடிப்பது? மிகப் பெரிய ஆடுகதிரை ஒன்றைச் செய்வித்து அதில் ஏறி இருந்தார். கால் நிலத்தில் முட்டாது. அவ்வளவுதான், பிள்ளையாகிவிட்டார். நான் இதைப் பார்த்துச் சிரித்ததைவிட, யோசித்து வியந்ததுதான் அதிகம்.

கே.எஸ்.பாலச்சந்திரனின் "அண்ணை றைற்" கேட்டவர்களுக்குத் தனி நடிப்பு என்றால் என்னவென்று நான் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. ஒரே ஒரு ஆள் நின்று ஒரு பஸ் நிறையச் சனத்தைக் கண்முன் கொண்டுவருகிற வித்தை அது. லிலியும் அப்படித்தான். 1985இல் நியூயோர்க்கின் புரோட்வே அரங்கில் தனியொருத்தியாக ஒரு முழு நாடகத்தை நடித்தார். தெருவில் பையோடு அலைகின்ற மனம் பேதலித்த பெண், விலைமாதர், பணக்காரி, பெண் விடுதலை பேசுகிறவர்கள் என்று வேடத்தை மாற்றாமல் ஆளை மட்டும் மாற்றிக்கொண்டே போனார். அதற்காக 1986இல் ரோனி விருது கிடைத்தது. அந்த நாடகத்தை எழுதியவர் ஜேன் வாக்னர் என்ற பெண். பாராட்டு மேடையில் நிற்பவருக்குப் போய்விடுகிறது, எழுதிக் கொடுத்தவர் இருட்டில் இருந்துவிடுகிறார் என்பது எழுதுகிறவள் என்ற முறையில் எனக்கொரு சிறு மனக்குறை.

லிலியும் ஜேனும் சந்தித்தது 1971இல். அந்த ஆடுகதிரைச் சிறுமிக்குப் பேச்சு எழுதித் தரக்கூடியவர் யார் என்று தேடியபோது கிடைத்தவர்தான் ஜேன். அன்றிலிருந்து தொழிலிலும் வீட்டிலும் இருவரும் ஒன்றாகவே இருந்தார்கள். அதாவது, கணவன் மனைவி வாழ்வதுபோல ஒரு குடும்பமாக. இதை வாசிக்கும்போது சில சகோதரிகளுக்குச் சங்கடமாக இருக்கலாம். எனக்கும் இருபது வருடங்களுக்கு முன் இருந்திருக்கும். தொடர்ந்து வாசியுங்கள்.

தமது உறவைப் பகிரங்கமாக அறிவித்தால் அட்டையில் படம் போடுவதாக "ரைம்" சஞ்சிகை 1975இல் தமக்குச் சொன்னதென்றும், தாம் மறுத்துவிட்டதாகவும் லிலி பிற்காலத்தில் கூறியிருக்கிறார். தன் நடிப்புக்காக அட்டைப்படத்தில் வர வேண்டும், தன் படுக்கையறைக்காக அல்ல என்று நினைத்திருப்பார் போலும். வீட்டுக்கு வந்து போகின்றவர்களுக்கெல்லாம் தெரிந்த விடயம்தான். ஆனால் சட்டத்தின் முன் இருவரும் ஒரே வீட்டில் இருக்கும் இரு அந்நியர்கள்.

சட்டத்தின் முன் அந்நியர் என்றால் என்னவென்று இந்தச் சஞ்சிகையை வாசிக்கிற பலருக்கு அனுபவம் உண்டு. ஊர்க்கோவிலில் தாலி கட்டி, பதிவு செய்யாமலே விட்டு, பிறகு பிள்ளைகளைப் பாடசாலையில் சேர்க்கவும் உதவிப் பணத்துக்கு விண்ணப்பிக்கவும் போய் நின்றபோது, "நீங்கள் மனைவி என்பதற்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்கப்பட்டவர்கள் எம்மிடையே எத்தனை பேர்? பதிவு செய்தும், பத்திரம் பங்கருக்குள் நனைந்து போனவர்கள் எத்தனை பேர்? காணாமல் ஆக்கப்பட்ட கணவருக்கு மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாமல், அதை எடுக்காவிட்டால் ஒரு காரியமும் நடக்காமல், இரண்டுக்கும் நடுவில் நின்றவர்களுக்கு, காணவில்லை என்பதற்கே ஒரு சான்றிதழ் வழங்கும் சட்டம் வந்தது 2016இல்தான். ஒரு கடதாசி மனிதருடைய துயரத்தைத் தீர்க்காது. ஆனால் அது இல்லாவிட்டால் துயரத்தோடு அவமானமும் சேர்ந்துகொள்கிறது.

இனி ஈடித் வின்ட்சர் என்ற பெண்ணின் கதையைக் கேளுங்கள். இவர் நடிகையல்ல. ஐபிஎம் நிறுவனத்தில் கணினி நிரல் எழுதியவர். தேயா ஸ்பையர் என்ற உளவியலாளரோடு நாற்பது வருடங்களுக்கு மேல் வாழ்ந்தவர். தேயாவுக்கு நரம்பு நோய் வந்து, படிப்படியாக உடல் செயலிழந்து போனது. பராமரித்தவர் ஈடித். 2007இல் இருவரும் கனடாவின் ரொறன்ரோ நகருக்குப் போய்ச் சட்டப்படி திருமணம் செய்துகொண்டார்கள். 2009இல் தேயா காலமானார். வீட்டையும் சேமிப்பையும் ஈடித்துக்கு எழுதி வைத்திருந்தார். கணவன் இறந்து மனைவிக்கு வருகின்ற சொத்துக்கு அமெரிக்க மத்திய அரசு மரண வரி அறவிடுவதில்லை. ஆனால் ஈடித்துக்கு வந்த வரி 363,053 டொலர். காரணம், திருமணம் என்பது ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் இடையிலானது மட்டுமே என்று 1996இல் இயற்றப்பட்ட மத்திய சட்டம். எண்பத்தொரு வயதில் இந்தப் பெண்மணி அரசாங்கத்தின்மீது வழக்குப் போட்டார். 2013 ஜூன் 26ஆம் திகதி அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

அடுத்தது ஜிம் ஓபர்கெபெல் என்பவருடையது. அவரது துணைவர் ஜோன் ஆதர், தசைகள் ஓய்ந்துபோகும் நோயால் படுத்த படுக்கையாகிவிட்டார். அவர்கள் வாழ்ந்த ஒஹையோ மாநிலத்தில் அத்தகைய திருமணத்துக்கு அனுமதியில்லை. ஆகவே 2013 ஜூலையில் நோயாளியை மருத்துவ விமானமொன்றில் ஏற்றி, மேரிலாந்து மாநிலத்தின் விமான நிலையத்துக்குக் கொண்டுபோய், ஓடுபாதையில் நின்ற விமானத்துக்குள்ளேயே திருமணத்தை முடித்துக்கொண்டு திரும்பினார்கள். மூன்று மாதங்களில் ஜோன் இறந்தார். மரணச் சான்றிதழில் வாழ்க்கைத் துணை என்ற இடத்தில் தன் பெயர் வர வேண்டும் என்பதுதான் ஜிம் கேட்டது. வேறு காசோ காணியோ கேட்கவில்லை. 2015 ஜூன் 26ஆம் திகதி, ஐந்துக்கு நான்கு நீதிபதிகள் என்ற கணக்கில், அமெரிக்கா முழுவதும் இருபாலும் இருபாலல்லாமலும் திருமணம் செய்யலாம் என்ற தீர்ப்பு அவரது பெயராலேயே வந்தது.

மரணச் சான்றிதழில் ஒரு பெயர். இதை நான் விளங்கப்படுத்த வேண்டுமா?

பகிடிக்காரர்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். நிறைய வேலை இருந்தது. கலிபோர்னியா மாநிலத்தில் 2008 ஜூனில் இத்தகைய திருமணங்கள் தொடங்கின. நவம்பரிலேயே மக்கள் வாக்கெடுப்பு நடத்தி அதை நிறுத்தினார்கள். அதற்கெதிரான வழக்கு 2010 ஜனவரியில் தொடங்கியபோது, விசாரணையை ஒளிபரப்ப உச்ச நீதிமன்றம் இடம்கொடுக்கவில்லை. உடனே டஸ்ரின் லான்ஸ் பிளாக் என்ற எழுத்தாளர் நீதிமன்றப் பதிவேட்டை எடுத்து, பேசிய வார்த்தைகளைக் கொண்டே "8" என்று ஒரு நாடகம் எழுதினார். 2012 மார்ச்சில் லொஸ் ஏஞ்சல்சில் அது வாசிப்பு நாடகமாக மேடையேறியது. ஜோர்ஜ் குளூனியும் மார்ட்டின் ஷீனும் சட்டத்தரணிகள், பிரட் பிற் நீதிபதி. நகைச்சுவை நடிகர் ஜோன் சி. ரைலி எதிர்த்தரப்புச் சாட்சி. எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது, தன்னுடைய உறவை மறைக்காமல் வாழும் நகைச்சுவை நடிகை ஜேன் லிஞ்ச், இந்தத் திருமணத்தை எதிர்த்துப் பிரசாரம் செய்த பெண்ணின் பாத்திரத்தை ஏற்று நடித்ததுதான். தன்னை வெறுக்கின்ற வாதத்தைத் தன் வாயால் சொல்லிச் சபையைச் சிரிக்க வைப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். அந்த நாடகம் யூரியூப்பில் ஒளிபரப்பானது. நீதிமன்றம் காட்ட மறுத்ததை நடிகர்கள் காட்டினார்கள்.

வழக்குத் தொடுத்த இரு பெண்கள், கிறிஸ் பெரியும் சான்டி ஸ்ரியரும், 2013 ஜூன் 28இல் சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தில் திருமணம் செய்தபோது நடத்தி வைத்தவர் யார் தெரியுமா? அப்போது கலிபோர்னியாவின் சட்டமா அதிபராக இருந்த கமலா ஹாரிஸ். தாய் வழியில் எங்கள் தமிழ்ப் பிள்ளை. அதே வருடம் டிசம்பர் 31ஆம் திகதி லிலியும் ஜேனும் பதிவு செய்துகொண்டார்கள். நாற்பத்திரண்டு வருடம் பழகிப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுத்திருக்கிறார்கள், அவசரப்பட்ட கலியாணம் என்று எவரும் சொல்ல முடியாது. லிலிக்கு அப்போது 74 வயது.

இனி எமது தையல் நிலையத்துக்கு வருவோம். மருமகள் தனது கைத்தொலைபேசியில் லிலி நடித்த "கிறேஸ் அன்ட் பிராங்கி" என்ற தொடரை எங்களுக்குக் காட்டினாள். 2015இலிருந்து 2022வரை நெற்பிளிக்சில் 94 பாகங்கள் வந்தது. கதை இதுதான்: எழுபது வயதை எட்டிய இரண்டு பெண்கள். அவர்களுடைய கணவன்மார் தொழிற்பங்காளிகள். ஒருநாள் உணவகத்தில் வைத்து, "நாங்கள் இருவரும் இருபது வருடமாகக் காதலிக்கிறோம், இப்போது சட்டம் இடம் தருகிறது, திருமணம் செய்யப் போகிறோம்" என்கிறார்கள். நாற்பது வருட மணவாழ்வு ஒரே இராச்சாப்பாட்டோடு முடிந்தது. ஒன்றுக்கொன்று ஒத்துவராத அந்த இரு பெண்களும் ஒரே வீட்டில் குடியிருக்க நேர்கிறது. கணவர்களில் ஒருவராக நடிப்பவர், "8" நாடகத்தில் சட்டத்தரணியாக வந்த அதே மார்ட்டின் ஷீன். கிறேஸாக ஜேன் ஃபொண்டா. பிராங்கியாக லிலி.

மருமகள் ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொல்லச் சொல்ல, பொத்தான் தைத்துக்கொண்டிருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன. அந்த இரு ஆண்களைப் பற்றி ஏதாவது அருவருப்பாகச் சொல்லப் போகிறார்கள் என்று நான் காத்திருந்தேன். ஒருவரும் சொல்லவில்லை. கடைசியாக ஒருத்தி சொன்னாள்:

"அக்கா, அந்த ரெண்டு ஆம்பிளையளும் எப்பிடியும் இருக்கட்டும். ஆனா இருவது வருஷமா அந்தப் பொம்பிளையளுக்கு ஒண்டும் சொல்லேல்லையே. அதுதான் பாவம்."

"சொன்னா ஊர் விடுமே?" என்றாள் மற்றவள்.

"ஊர் விட்டிருந்தா இதுகள் இவயளைக் கட்டியே இருக்காதுகளே பிள்ளை" என்றார் எங்களில் மூத்த அம்மா.

இதைவிடத் தெளிவாக நான் ஒரு கட்டுரை எழுதிவிட முடியாது. தன் மனம் எங்கே என்று தெரிந்த பிள்ளையை, நாலுபேர் கதைப்பார்கள் என்று பிடித்துக் கலியாணம் கட்டி வைக்கிறோம். ஒரு ஆளுடைய வாழ்க்கை மட்டுமா கெடுகிறது? என்ன குறை என்னிடம் என்று விளங்காமலே தன்னைத் தானே பழித்துக்கொண்டு காலம் கழிக்கின்ற மனைவியின் வாழ்க்கையும்தான். சீதனமும் கொடுத்து அந்தத் துன்பத்தை வாங்குகிறோம். நான் இந்தத் திருமணச் சமத்துவத்தை ஆதரிப்பதற்கு அந்த மனைவிகளும் ஒரு காரணம். இது மேல்நாட்டாருடைய பிரச்சினை, எங்களுடைய பண்பாட்டுக்கு ஒவ்வாது என்பார்கள். ஆனால் எங்களுடைய சட்டப் புத்தகத்தில் இருக்கின்ற தடையே 1883இல் வெள்ளைக்காரர் எழுதி வைத்த தண்டனைச் சட்டக்கோவையில் இருந்து வந்ததுதான். 1995இல் அதைத் திருத்தியபோது பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். சமத்துவம் இதில் மட்டும் உடனே கிடைத்துவிட்டது! 2023 மே மாதம், இந்தக் குற்றத்தை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று எமது உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் அது சட்டமாகாமலே 2024இல் பாராளுமன்றம் கலைந்தது.

எமது படங்களில் இத்தகையவர்களைக் கொண்டுவந்து அடிப்பதும் இடுப்பை ஆட்டவைத்துச் சிரிப்பதும் பகிடி என்று பெயர் பெற்றிருக்கிறது. எனக்கு அதில் சிரிப்பு வருவதில்லை. லிலியின் பகிடியில் அடிவாங்குகிறவர்கள் வேறு ஆட்கள். 1980இல் வந்த "நைன் ரு ஃபைவ்" படத்தில், அலுவலகத்தில் பெண்களை மட்டம் தட்டுகிற மேலதிகாரியை மூன்று பெண்கள் சேர்ந்து கட்டி வைத்துவிட்டு, அவர் பெயரிலேயே சம சம்பளமும் பிள்ளை பராமரிப்பு நிலையமும் கொண்டுவருவார்கள். கிடைத்தால் பாருங்கள். பார்த்த பிறகு எங்கள் நிலையத்தில் இரண்டு நாளைக்கு ஒரே சிரிப்பு.

ஓபர்கெபெலின் மரணச் சான்றிதழ்க் கதையைச் சொன்ன அன்று, பதிவுப் பத்திரத்தைத் தொலைத்த ஒருத்தி தனியாக வந்து விபரம் கேட்டாள். திருமணம் பதிவாகியிருந்தால் பத்திரம் தொலைந்தாலும் பதிவு தொலையாது, பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பிரதி எடுக்கலாம், பதிவு செய்த இடமும் திகதியும் தெரிந்தால் தேடுவது இலகு என்று சொல்லிவிட்டேன். போய் வந்தாள். தைக்கிற இடத்தில் குந்தியதும் அவள் கேட்ட முதற்கேள்வி: "நான் இல்லாத நேரம் எத்தினை பாகம் பாத்திட்டியள்?"